தே ஓ ஐஸ் தம்ளரும் பிள்ளையின் அறைச் சுவரும்

கேள்வி: சிங்கப்பூரில், செங்காங்கில் நான்கறை வீடு. சாவி வாங்கி நான்கு வருடம் ஆகிறது. ஆறு வயது மகனின் அறையில், துணி அலமாரிக்குப் பின்னால் சுவரெல்லாம் கறுப்புப் புள்ளிகள். குளோராக்ஸ் (வெளுக்கும் திரவம்) போட்டுத் துடைத்தால் பளிச்சென்று போகிறது. பத்துப் பன்னிரண்டு நாளில் திரும்ப வந்துவிடுகிறது. மகனுக்கு இழுப்பு உண்டு. டிசம்பரிலிருந்து இரவில் இருமல் அதிகம். அதனால் அவன் அறையில் ஏர்கான் போடுவதில்லை, சன்னலைத் திறந்து மின்விசிறிதான். நாங்கள் பக்கத்து அறையில் ஏர்கானை 19 டிகிரியில் போட்டுத் தூங்குகிறோம். மாமியார், "சன்னல இன்னும் நல்லாத் தெறந்து வை" என்கிறார். கணவர், மேல்வீட்டுக் குழாய் கசிகிறது என்கிறார். வந்து பார்த்த நிறுவனம் ஒன்று மருந்துப் புகை அடித்து 'நானோ' பூச்சு பூச 1,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்கிறது. யார் சொல்வது சரி? (பாம் ஷெல்டரில், அதாவது வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறையில், வைத்த பட்டுப் புடவைகளிலும் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. அதற்கும் வழி சொல்லுங்கள்.)

பதில்:

வணக்கம். கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியில்தான் விஷயம் இருக்கிறது. பக்கத்து அறையில் 19.

காப்பிக்கடையில் தே ஓ ஐஸ் (பால் சேர்க்காத ஐஸ் தேநீர்) வாங்கி மேசையில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் தம்ளரின் வெளிப்பக்கம் வியர்த்து, அடியில் வட்டமாகத் தண்ணீர் நிற்கும். தம்ளரில் ஓட்டை இல்லை. காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகிறது. உங்கள் படுக்கையறைதான் தம்ளருக்குள் இருக்கும் ஐஸ், மகன் அறைச் சுவர்தான் தம்ளரின் வெளிப்பக்கம். ஏர்கான் ஓடும் அறையில் பூஞ்சை இல்லாமல், ஏர்கானே இல்லாத பக்கத்து அறையில் வருவது பலருக்கும் புதிராக இருக்கும். இந்த ஊர் அடுக்குமாடி வீடுகளில் அது சாதாரணம்.

கணக்கையும் பார்த்துவிடலாம். காற்று எத்தனை டிகிரியில் நீராகப் படியத் தொடங்கும் என்பதை மனக்கணக்காகவே போடலாம். ஈரப்பதம் 100-க்கு எவ்வளவு குறைகிறதோ அதை 5-ஆல் வகுத்து, அறை வெப்பத்திலிருந்து கழித்துவிடுங்கள். சன்னல் திறந்த அறையில் நள்ளிரவில் 28.5 டிகிரி, ஈரப்பதம் 84 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 100-க்கு 16 குறைவு. அதை ஐந்தால் வகுத்தால் 3.2. ஆகவே 25.3 டிகிரிக்குக் கீழே எந்தப் பரப்பு குளிர்ந்தாலும் அதில் நீர் படியும். அந்தப் பக்கம் 19, இந்தப் பக்கம் 28.5 என்றால், நடுவில் உள்ள மெல்லிய கான்கிரீட் சுவரின் மகன் பக்கப் பரப்பு சுமார் 25 டிகிரிக்கு இறங்கிவிடும். அதாவது வியர்க்கத் தொடங்கும் விளிம்பு.

அதன்மேல் அலமாரியையும் ஒட்டி வைத்திருக்கிறீர்கள். அறையின் வெதுவெதுப்பு சுவரைத் தொடவிடாமல் அது போர்வைபோலத் தடுக்கிறது. அதன் பின்னால் சுவர் 22 டிகிரிவரை இறங்கக்கூடும். காற்றோட்டமும் இல்லை. படிந்த நீர் பகலிலும் காயாது. ஓர் ஆணி நுழையாத அந்த இடுக்கில் தூசி, சுண்ணப் பூச்சிலும் பெயின்ட்டிலும் உள்ள பிசின், அலமாரியின் மரத்தூள் அட்டை என்று பூஞ்சைக்குச் சாப்பாடும் தாராளம். முழுதாக நனையக்கூட வேண்டியதில்லை. பரப்பை ஒட்டிய காற்று 80 விழுக்காட்டுக்கு மேல் சில நாள் தொடர்ந்து நின்றாலே போதும், முளைத்துவிடும்.

குளோராக்ஸ் ஏன் பலிக்கவில்லை என்பதும் இப்போது புரியும். அது புள்ளியின் நிறத்தை வெளுக்கிறது. சுவர்ப் பூச்சு நுண்துளை உள்ள பொருள், இழைகள் உள்ளே இருக்கின்றன. நீங்கள் ஊற்றுவதில் பெரும்பகுதி தண்ணீர், அதுவும் சுவருக்குள்தான் இறங்குகிறது. தினமும் இரவு சுவருக்கு நீங்களே தண்ணீர் ஊட்டிக்கொண்டிருக்கும்வரை எந்த மருந்தும் பத்துப் பன்னிரண்டு நாள்தான் தாங்கும்.

இது என் ஊகம்தானே, சோதித்துப் பாருங்கள். டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று போதும், விலை பெரிதில்லை. வாங்கியதும் அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சேறு பதத்துக்கு வருமளவு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்து ஒரு சிப்லாக் பையில் காற்றுப் புகாமல் 8 மணி நேரம் மூடி வையுங்கள். 75 காட்ட வேண்டும். 79 காட்டினால், இனி அது சொல்வதில் 4 கழித்துப் படியுங்கள். பிறகு மகன் அறையில் வைத்து ஒரு வாரத்துக்குக் காலை 6, பிற்பகல் 3, இரவு 11 மணிக்குக் குறித்துவையுங்கள். நெற்றியில் காட்டும் கருவி அல்லாமல், பரப்பு வெப்பம் காட்டும் அகச்சிவப்பு வெப்பமானி கிடைத்தால் காலை 6 மணிக்கு அலமாரிக்குப் பின்சுவரையும் எதிர்ச்சுவரையும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 3 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

உங்கள் கணவர் சொல்வதையும் ஒதுக்கிவிட முடியாது. கசிவு வேறு மாதிரி இருக்கும். மேலிருந்து இறங்கும், மஞ்சள் பழுப்பில் ஓரம் கட்டிய கறை இருக்கும், பெயின்ட் கொப்பளிக்கும், சில இடங்களில் வெள்ளை உப்புத் தூள் பூக்கும். உங்கள் சுவரில் இருப்பதுபோன்ற ஓரமில்லாத சிதறல் புள்ளிகள், அதுவும் அலமாரியின் அகலத்துக்குள் அடங்கி நிற்பவை, பெரும்பாலும் வியர்வைதான். உறுதிசெய்ய, பூஞ்சை இல்லாத ஒரு பகுதியில் 30 சென்டிமீட்டர் சதுரத்துக்கு அலுமினியத் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி 48 மணி நேரம் விடுங்கள். தாளின் அறைப்பக்கம் நனைந்தால் காற்றின் ஈரம், சுவர்ப்பக்கம் நனைந்தால் சுவருக்குள் நீர்.

ஒருவேளை கசிவே என்றால்: மேல்வீட்டு கழிப்பறைத் தளத்திலிருந்து கூரைவழி வருவது இரு வீட்டாரின் கூட்டுப் பொறுப்பு. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) நல்லெண்ணப் பழுதுபார்ப்புத் திட்டத்தில் தகுதி இருந்தால் வீவக பாதிச் செலவை ஏற்கும், மேல்வீட்டாரும் நீங்களும் ஆளுக்குக் கால்பங்கு. கட்டடத்தின் வெளிச்சுவர் வழியாக மழைநீர் வந்தால் நகர மன்றத்திடம் சொல்ல வேண்டும். எதுவானாலும் தேதியோடு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். தாள் சோதனை முடியும்வரை மேல்வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம்.

இனி மாற்ற வேண்டியவை. முதலில் உங்கள் அறை ஏர்கான். 25-க்கு ஏற்றுங்கள். தேசியச் சுற்றுப்புற வாரியம் மின்சாரச் சிக்கனத்துக்காகச் சொல்லும் அதே எண்தான் சுவருக்கும் நல்லது. மெதுவாக ஓடும் மின்விசிறி ஒன்று கூட இருந்தால் 25 உடம்புக்குப் போதும். 25-ல் மகன் பக்கச் சுவர் 27-ஐ ஒட்டி நிற்கும், நீராகப் படியாது. ஆனால் அதை மட்டும் செய்துவிட்டு நிறுத்தினால் பூஞ்சை மெதுவாகத் திரும்பும். பரப்பை ஒட்டிய ஈரம் இரவில் அப்போதும் 80-க்கு மேலேதான் இருக்கும். அடுத்து, காற்று வரும் தகடு அந்தப் பொதுச்சுவரைப் பார்த்து வீசுகிறதா என்று பாருங்கள். வீசினால் திருப்பிவிடுங்கள்.

அலமாரியை அந்தச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். எதிர்ச்சுவர் நல்லது. இடமில்லை என்றால் குறைந்தது ஒரு கைச்சாண் பாதி, அதாவது 10 சென்டிமீட்டர், இடைவெளி. கீழே கால்கள் இருந்து, மேலே கூரைவரை அடைக்காமல் இருந்தால்தான் அந்த இடைவெளியில் காற்று ஓடும். தச்சர் சுவரோடு அறைந்த அலமாரி என்றால் மேலும் கீழும் காற்றுத் துளை வெட்டச் சொல்லலாம், ஆனால் அது அரைகுறைத் தீர்வுதான். கட்டிலும் மெத்தையும்கூட அந்தச் சுவரை ஒட்ட வேண்டாம். மின்விசிறியைச் சுவர் பக்கம் காற்றுப் படும்படி வையுங்கள்.

மாமியார் சொல்வது பாதி சரி. நல்ல வெயில் நாளில் பிற்பகலில் வெளிக் காற்றின் ஈரப்பதம் 60-களுக்கு இறங்கும், அப்போது சன்னல், கதவு, அலமாரிக் கதவு எல்லாவற்றையும் அகலத் திறக்கட்டும். விடியற்காலையில் அதே காற்று 90-ஐத் தாண்டும். மழை பெய்யும்போதும் அப்படியே. டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் விடாமல் பெய்யும்போது சன்னலைத் திறப்பது ஈரத்தை உள்ளே அழைப்பதுதான். இருமல் டிசம்பரில் கூடியதற்கும் இதற்கும் தொடர்பிருக்கலாம். இன்னொன்று, காலையில் உங்கள் அறை ஏர்கானை அணைத்த கையோடு சன்னலைத் திறக்காதீர்கள். குளிர்ந்த சுவர்மேல் ஈரக்காற்று பாயும். 10 மணிக்கு மேல் வெயில் வந்ததும் திறந்து, மின்விசிறியைப் போடுங்கள்.

இதற்கு நேர்வழி ஒன்றும் உண்டு. மகன் அறையிலும் ஏர்கான் இருந்தால், இரவில் சன்னலை மூடி அதை 26-ல் போடுங்கள். இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே வெப்பம், காற்றின் ஈரமும் இறங்கிவிடும். ஏர்கான் இழுப்புக்கு ஆகாது என்ற பயம் நிறைய வீடுகளில் இருக்கிறது. அழுக்கடைந்த ஏர்கான்தான் ஆகாது. டார்ச்சை அடித்து, காற்று வரும் இடுக்கு வழியாக உள்ளே உருளும் விசிறியைப் பாருங்கள். அதன் இதழ்களில் கறுப்புப் பொட்டுகள் இருந்தால் சாதாரண சர்வீஸ் போதாது, கெமிக்கல் வாஷ் (ரசாயனம் போட்டுக் கழுவுவது) கேளுங்கள். வடிகட்டியை இரு வாரத்துக்கு ஒருமுறை நீங்களே கழுவலாம். பைப் போகும் பெட்டியிலிருந்து சொட்டினால் உள்ளே உள்ள ரப்பர் உறையைப் பார்க்கச் சொல்லுங்கள். 9 மில்லிமீட்டர் தடிமன் இந்த ஊர் ஈரத்துக்குப் பற்றாது, 13 வேண்டும். ஏர்கான் நீர் வடியும் குழாய்க்கும் உறை தேவை, பலரும் அதை விட்டுவிடுகிறார்கள்.

ஏர்கான் வேண்டாம் என்றால் டீஹியூமிடிஃபையர், அதாவது காற்றின் ஈரத்தை இழுக்கும் இயந்திரம். கதவு சன்னல் மூடிய அறையில் 60 விழுக்காட்டுக்கு வைத்து ஓட்டுங்கள். 250 வாட் இயந்திரம் 8 மணி நேரம் ஓடினால் 2 யூனிட், சுமார் 60 காசு. அறை ஒன்றிரண்டு டிகிரி சூடாகும், ஆகவே பிள்ளை தூங்கும் நேரத்தைவிடப் பகலில் ஓட்டுவது எளிது. சன்னலைத் திறந்துவைத்து அதை ஓட்டுவது செங்காங்கையே காயவைக்கும் முயற்சி. பிழிந்த துணியை அறைக்குள் காயப்போடும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். ஒரு மெஷின் துணி, நன்றாகச் சுழற்றிப் பிழிந்த பிறகும், ஏறக்குறைய 2 லிட்டர் தண்ணீரைக் காற்றில் விடும்.

இவற்றையெல்லாம் மாற்றிய பிறகுதான் துடைக்க வேண்டும். வரிசை மாறினால் வேலை வீண். பூஞ்சை பிடித்த இடம் ஒரு கதவில் பாதி அளவுக்குள் இருந்தால் நீங்களே செய்யலாம். அன்றைக்கு மகனைப் பாட்டியோடு வேறு வீட்டுக்கோ நூலகத்துக்கோ அனுப்பிவிடுங்கள். அறைக் கதவை மூடி, மின்விசிறியையும் ஏர்கானையும் அணைத்து, சன்னலைத் திறந்துகொள்ளுங்கள். என்95 முகக்கவசம், கையுறை, கண்ணை மூடும் கண்ணாடி மூன்றும் வேண்டும். காய்ந்த நிலையில் தேய்ப்பது பெரிய தவறு. பிரஷ் பட்ட மாத்திரத்தில் லட்சக்கணக்கான வித்துகள் பறந்து மெத்தையில் உட்காரும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, மேலிருந்து கீழாக ஒரே திசையில் ஓர் இழுப்பு. துணியை மடித்து அடுத்த சுத்தமான பக்கம். அழுக்குத் துணியை அதே வாளியில் முக்காமல், அலச இன்னொரு வாளி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் துணிகளைப் பையில் இறுகக் கட்டிக் குப்பைக் குழாயில் போட்டுவிடுங்கள். பிறகு மின்விசிறி போட்டுச் சுவரை அன்றே காயவிட வேண்டும். பழுப்பாக நிழல்போல ஏதாவது மிஞ்சினால் அது கறை, அதைப் பெயின்ட் மூடிக்கொள்ளும்.

குளோராக்ஸைக் கழிப்பறை ஓடு, சன்னல் சட்டம், ரப்பர் ஓரம்போல நீர் இறங்காத பரப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 மில்லி, 10 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். கழிப்பறை கழுவும் அமிலத்தோடோ வினிகரோடோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா உள்ள கண்ணாடித் துடைப்பானோடும் கூடாது. இழுப்பு உள்ள வீட்டில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

அலமாரியின் முதுகுப் பலகையைப் பாருங்கள். விரலால் அழுத்தினால் பஞ்சுபோல அமுங்கினாலோ, ஓரம் உப்பியிருந்தாலோ துடைத்துப் பயனில்லை. மெல்லிய பலகைதான், அதை மட்டும் கழற்றி மாற்றலாம்.

மகனைப் பற்றி. உலகச் சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டி, வீட்டு ஈரமும் பூஞ்சையும் மூச்சிரைப்பு, இருமல், ஆஸ்துமா ஆகியவற்றோடு தொடர்புடையவை என்று தெளிவாகவே சொல்கிறது. அவன் இருமலுக்கு இந்தச் சுவர்தான் காரணம் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. அதே ஈரத்தில் மெத்தையில் தூசிப் பூச்சியும் பெருகும், சளிக்காய்ச்சல் பருவமும் அதுதான். பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது சுவரின் படத்தைக் காட்டுங்கள். சுவர் சரியாகிறது என்பதற்காக இன்ஹேலரை நீங்களாகக் குறைக்க வேண்டாம். சரியாகும்வரை அவன் உங்கள் அறையில் தூங்கட்டும். வீட்டில் கீமோதெரபி எடுப்பவரோ உறுப்பு மாற்றம் செய்துகொண்டவரோ இருந்தால் அவர்கள் அந்த அறைப் பக்கமே வரக்கூடாது. கறுப்பாக இருந்தால் விஷப் பூஞ்சை என்று பயமுறுத்துவார்கள். நிறத்தை வைத்து இனம் சொல்ல முடியாது. இனம் எதுவானாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். ஆகவே காற்றுச் சோதனைக்கும் காசு கொடுக்காதீர்கள்.

1,800 வெள்ளி இப்போது வேண்டாம். புகை மருந்து இருக்கும் பூஞ்சையைக் கொல்லலாம். செத்த வித்துகளும் ஒவ்வாமையைத் தூண்டும், ஆகவே துடைத்து எடுக்கும் வேலை அப்படியே இருக்கிறது. ஈரம் வந்துகொண்டே இருக்கும் சுவரில் எந்தப் பூச்சும் உரியும். வந்தவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" ஈரமானியை வெளியே எடுக்காமல் விலையை மட்டும் சொன்னால் அனுப்பிவிடுங்கள். நான்கு வாரம் புள்ளி திரும்பாமல் இருந்தால், உரிந்த பெயின்ட்டை நனைத்துச் சுரண்டி, காயவிட்டு, சீலர் (அடிப்பூச்சு) ஒரு கை, பூஞ்சைத் தடுப்பு பெயின்ட் இரண்டு கை. ஒரு கைக்கும் மறு கைக்கும் டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளியை விட வேண்டும். வால்பேப்பர் மட்டும் ஒட்டிவிடாதீர்கள். பின்னால் நடப்பது ஒரு வருடத்துக்குத் தெரியாது.

புடவைகளுக்கு வருகிறேன். பாம் ஷெல்டரின் தடித்த கான்கிரீட்டும் இரும்புக் கதவும் அதைக் காற்றோட்டமில்லாத பெட்டியாக்கிவிடுகின்றன. கதவை ஒருச்சாய்த்து வையுங்கள், சுவரிலுள்ள காற்றுத் துளைகளைச் சாமான் வைத்து மறைக்காதீர்கள், அட்டைப்பெட்டிகளை வெளியேற்றுங்கள். வாரத்தில் இரண்டு நாள் டீஹியூமிடிஃபையரை அங்கே கதவை மூடி ஓட்டலாம். நீர்யானைப் படம் போட்ட ஈரம் உறிஞ்சும் டப்பா மூடிய அலமாரிக்குள் மட்டுமே உதவும், அறைக்குப் போதாது. அதில் சேரும் திரவம் கால்சியம் குளோரைடு. கொட்டினால் தோலையும் உலோகத்தையும் அரிக்கும், சரிகைக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது.

வெள்ளை படிந்த புடவையை இஸ்திரி போடாதீர்கள், சூட்டில் கறை நிலைத்துவிடும். தண்ணீர் தெளிக்கவும் வேண்டாம். மகன் இல்லாத நேரம் பார்த்து, முகக்கவசத்தோடு வெளியே எடுத்துப்போய், நேர்வெயில் படாத இடத்தில் விரித்து, மென்மையான உலர்ந்த பிரஷால் சரிகையைத் தொடாமல் தட்டிவிட்டு, அன்றே டிரை கிளீனிங்குக்குக் கொடுங்கள். எங்கே படிந்திருக்கிறது என்று கடைக்காரரிடம் காட்டிக் கொடுப்பது முக்கியம். திரும்ப வந்ததும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டு, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, ஷெல்டரில் அல்லாமல் ஏர்கான் ஓடும் உங்கள் அறை அலமாரியில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து மடிப்பை மாற்றிப் போடுங்கள்.